அறுபது தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் உப்பைக் குறைப்பது: கடலூர், புதுச்சேரி சமையலுக்கான முழு வழிகாட்டி

பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் கடைசியாகச் சொல்வது: "உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க." எவ்வளவு, எதிலிருந்து, எப்படி என்று கேட்க நேரமிருக்காது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு தனியாக எடுத்து வைப்பார்கள். நாலு நாள் பொறுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு சோற்றைப் பாதியில் ஒதுக்குவார், இல்லையென்றால் ஊறுகாய் ஜாடியைக் கேட்டு வாங்குவார். உப்பும் குறையாது, உடம்பு மட்டும் இளைக்கும்.

தனிச் சமையல் வேண்டாம். வீட்டுச் சமையல் முழுவதையும் கிராம் கணக்கில், இரண்டு மூன்று மாதத்தில் மெல்ல இறக்க வேண்டும். நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். அந்த அவகாசத்தைக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் பழகிக்கொள்கிறார்கள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளுக்கும் இதில் நன்மைதான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2,000 மி.கி.க்குக் குறைவான சோடியம். சமையலில் போடுவது, இலை ஓரத்தில் வைப்பது, பொட்டலத்தில் வருவது எல்லாம் சேர்ந்த கணக்கு இது. வயதாக ஆகச் சிறுநீரகம் உப்பை வெளியேற்றும் வேகம் குறைகிறது, ரத்தக் குழாய்கள் விறைக்கின்றன. அதனால் முப்பது வயதில் தெரியாத உப்பு எழுபதில் பிரஷராகத் தெரியும். அதே வயதில் நாக்கும் மூக்கும் மந்தமாகின்றன. மேல் தாடைக்குப் பல்செட் போட்டவர்களுக்குச் சுவை இன்னும் மங்கும். உப்பு குறைய வேண்டிய வயதில்தான் கை கூடப் போடுகிறது. சமைப்பவரே அறுபது தாண்டியவர் என்றால், வாயில் விட்டுப் பார்த்து உப்புப் போடுவதை நம்ப முடியாது. அளவு ஸ்பூனைத்தான் நம்ப வேண்டும்.

தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவர்கள்

ரத்தத்தில் சோடியம் குறைந்து ஒருமுறையாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் தாமாக எதையும் மாற்றக் கூடாது. ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருப்பது இயல்பு. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு போன்ற மாத்திரைகள் வயதானவர்களுக்கு அதை இறக்கிவிடக்கூடும். உப்பைக் குறைக்கும்போது புதிதாகத் தடுமாற்றம், குழப்பமான பேச்சு, ஓயாத தூக்கம், குமட்டல் வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உப்பே இல்லாத சாப்பாடு யாருக்கும் இலக்கு இல்லை.

முதல் வேலை: இப்போது எவ்வளவு போகிறது என்று அளப்பது

புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே தேதி எழுதுங்கள். தீர்ந்த நாளையும் எழுதுங்கள். ஒரு கிலோ, நாலு பேர், 25 நாள் என்றால் 1000-ஐ 25-ஆல் வகுத்து, மீண்டும் 4-ஆல் வகுக்க வேண்டும்: ஆளுக்கு 10 கிராம். ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் இதில் சேரவில்லை. மீன் கழுவ, ஊறுகாய் போட எடுத்த உப்பைத் தனியாகக் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். கடலோர வீடுகளில் மீன் அலசவே மாதம் கணிசமாகக் கல் உப்பு போகும்.

அடுத்து ஸ்பூன். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 5 முதல் 6 கிராம் இருக்கும். கல் உப்பு அதே ஸ்பூனில் எடை குறைவாக நிற்கும், கல்லின் பருமனுக்கு ஏற்ப மாறும். மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும் பெரிய கல்லும் கடையில் விற்கும் பொடிக் கல்லும் ஒரே அளவில் ஒரே உப்பைத் தராது. ஆகவே உங்கள் வீட்டு உப்பு, உங்கள் வீட்டு ஸ்பூன் இரண்டையும் வைத்து ஒருமுறை எடை போட்டுவிடுங்கள். சமையலறைத் தராசு 5 கிராமுக்குக் கீழே சரியாகக் காட்டாது என்பதால் பத்து ஸ்பூன் எடுத்து நிறுத்து, பத்தால் வகுத்துக்கொள்வது நல்லது. கிடைத்த எண்ணை டப்பா மூடியில் ஒட்டிவையுங்கள்.

பழைய பாக்கெட்டுக் கணக்கு இல்லாதவர்கள் ஒரு வாரம் மட்டும் அளந்தால் போதும். ஞாயிறு காலை உப்பு ஜாடியை நிறுத்து, அடுத்த ஞாயிறு மறுபடி நிறுத்துப் பாருங்கள். அந்த வாரம் சமைப்பவரிடம் எதையும் குறைக்கச் சொல்லக் கூடாது.

முதல் இரண்டு வாரம் இலை ஓரம்

சமையல் உப்பில் இன்னும் கை வைக்காதீர்கள். முதலில் போக வேண்டியது மேஜை மேல் இருக்கும் தூள் உப்பு, தயிர்சாதத்துக்கு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். பத்து கிராம் ஊறுகாயில் சுமார் ஒரு கிராம் உப்பு இருக்கும். ஒரு நாளில் இரண்டு வேளை தொட்டால் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே தீர்ந்தது. அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் உண்டு, அதுவும் சோடியம்தான்.

அடியோடு நிறுத்தினால் மனம் அதையே தேடும். ஊறுகாயின் இடத்தில் வேறொன்று இருக்க வேண்டும்: சீவிய மாங்காயில் மிளகாய்த்தூளும் பெருங்காயமும், நறுக்கிய இஞ்சியில் எலுமிச்சைச் சாறு, வதக்கிய சின்ன வெங்காயம், நெல்லிக்காய்த் துவையல். பழைய சோற்றுக்கு உப்பில்லாத மோர், உரித்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போதும். மோர் மிளகாயை விட முடியாதவர்கள் பொரிக்கும் முன் வெந்நீரில் அலசி, மறுபடி வெயிலில் காய வைத்து, வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றலுக்கும் இதே அலசல். அவற்றைப் போடும் குழம்புக்கு உப்பு கடைசியில்தான்.

கருவாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரி வரை கருவாட்டை நிறுத்தச் சொன்னால் கேட்பவர்கள் குறைவு. உப்புப் போட்டுக் காய வைத்த கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை உப்பாகவே இருக்கலாம். 30 கிராம் வறுத்த துண்டு ஒன்றே ஒரு நாள் உப்பைத் தொட்டுவிடும். நெத்திலி போன்ற பொடிமீனை உப்பு சேர்க்காமலும் வெயிலில் காய வைப்பதுண்டு. வாங்கும்போது கேளுங்கள், மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள், விரல் வைத்து நாக்கில் தொட்டுப் பாருங்கள். உப்புக் கருவாடு என்றால் தலையும் குடலும் நீக்கி, வெந்நீரில் 20 நிமிடம் ஊற வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, புது வெந்நீரில் இன்னொரு 20 நிமிடம் வைத்துப் பிழிந்து எடுங்கள். வஞ்சிரம், சுறா போன்ற தடித்த துண்டாக இருந்தால் சிறிதாக நறுக்கிவிட்டு ஊற வையுங்கள். முழுத் துண்டின் நடுவில் உப்பு அப்படியே நிற்கும். மணிக்கணக்கில் வெளியே ஊற விட்டால் நம்மூர் வெக்கையில் கெட்டுவிடும். வறுப்பதைவிடக் கத்தரிக்காய், முருங்கைக்காய், மொச்சை, மாங்காய் போட்ட குழம்பாக வைப்பது மேல். காய் கூடினால் ஆளுக்கு வரும் கருவாடு குறையும். அந்தக் குழம்பில் உப்பே போட வேண்டாம். கொதித்து இறக்கிய பிறகு பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மாதம் இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் பச்சை மீன் தாராளமாகச் சாப்பிடலாம். கடல் மீனில் உப்பு அதிகம் என்று நினைத்து மீனையே நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். 100 கிராம் மீனின் இயல்பான சோடியம் பெரும்பாலும் 100 மி.கி.க்கு உள்ளேதான். நண்டிலும் இறாலிலும் அதைவிடக் கூடுதல்.

அடுத்தது வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் இடித்து உருட்டி வெயிலில் போடும் தாளிப்பு வடகத்தில் உப்பு கெடாமல் காக்கத்தான் சேர்கிறது. வழக்கமாகப் போடும் உப்பில் பாதியைக் குறைத்தால் உருண்டையைச் சிறிதாக்கி, தினமும் பிரித்துக் காயப் போட்டு, உடைத்தால் நடுவிலும் ஈரம் தெரியாத வரை விட வேண்டும். அவசரப்பட்டு ஜாடியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த வடகம் வாசனையில் உப்புக்குறையை மறைக்கும். இந்தப் பகுதிச் சமையலுக்கு உப்பைக் குறைக்க இதைவிட நல்ல துணை இல்லை.

வார பாட்டில்

இலை ஓரம் அடங்கிய பிறகு சமையல் உப்பு. வீட்டில் இருவர், இப்போது சமையலுக்கு நாளைக்கு 18 கிராம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சேர்த்து வரம்பு 10 கிராம், அதில் சமையலில் எட்ட வேண்டியது 7 கிராம். மீதி 3 கிராம் பிஸ்கட், பிரெட், வெளிச்சாப்பாடு வழியாக எப்படியும் வரும். முதல் வாரம் நாளைக்கு 16 கிராம் கணக்கில் ஏழு நாளுக்கு 112 கிராமை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து வையுங்கள். பெரிய ஜாடியை மேல் பரணில் ஏற்றிவிடுங்கள். அந்த வாரம் முழுக்க எல்லாச் சமையலுக்கும் அந்தப் பாட்டில்தான். அடுத்தடுத்த வாரங்களில் நாளைக்கு 14.5, 13, 11.5, 10, 9, 8, 7 என இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு அளவுதான் குறைகிறது, நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு படியில் முகம் சுளித்தால் அதே அளவில் இன்னொரு வாரம் நில்லுங்கள், மேலே ஏறாதீர்கள். வியாழக்கிழமையே பாட்டில் காலியானால் கை எங்கே தாராளமாகிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அது மாவிலும் சட்னியிலும் இருக்கும்.

எந்தப் பதார்த்தத்தில் எப்படி

இட்லி மாவு முதலில். நாலு கப் அரிசி, ஒரு கப் உளுந்துக்கு 25 கிராம் உப்புப் போட்டு 45 இட்லி எடுத்தால் ஒரு இட்லியில் அரை கிராமுக்கு மேல் உப்பு. நாலு இட்லி சாப்பிட்டால் 2 கிராம் தாண்டிவிட்டது, சாம்பாரும் சட்னியும் இன்னும் தொடவில்லை. அதை 15 கிராமாக்குங்கள். உப்பு குறைந்தால் மாவு சீக்கிரம் புளிக்கும், ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் சீக்கிரம். ஆகவே கொஞ்சமாக அரைத்து, பொங்கியதும் தாமதிக்காமல் பிரிட்ஜில் வைக்க வேண்டும். கடை மாவில் எவ்வளவு உப்பு, ஆப்ப சோடா உண்டா என்பது நமக்குத் தெரியாது. குறைக்கும் இந்த மூன்று மாதமாவது வீட்டிலேயே அரைப்பது நல்லது.

சோற்றில் உப்புப் போடும் வழக்கம் இருந்தால் ஒரே நாளில் விட்டுவிடலாம், குழம்பு ஊற்றிய பின் வித்தியாசம் தெரியாது. சப்பாத்தி மாவுக்கும் அப்படியே.

குழம்பில் நடக்கும் தவறு, தொடக்கத்திலேயே உப்புப் போடுவது. குழம்பு சுண்டும், உப்பு சுண்டாது. கொதிக்கக் கொதிக்க வாயில் விட்டால் உப்பு சரியாகத் தெரியாமல் இன்னொரு சிட்டிகை விழும். அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அதன் பிறகு போடுங்கள். புளியையும் பாருங்கள்: வருடத்துக்கு வாங்கி வைக்கும் புளியில் பூச்சி வராமல் இருக்கக் கல் உப்புச் சேர்த்து அடைப்பது வழக்கம். அந்தப் புளியைக் கரைத்தால் குழம்புக்கு உப்பு ஏற்கெனவே வந்துவிடும். கரையோர ஊர்களில் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் சமையலுக்கு நல்ல தண்ணீர் தனியாக எடுத்துக்கொள்வது நல்லது.

பொரியல், கூட்டுக்குக் காய் வேகும்போது போடும் உப்பு உள்ளே போய்விடும். இறக்கிய பின் மேலே தூவினால் பாதி உப்பே நாக்குக்கு முழுதாகத் தெரியும். கீரைக்கு மற்ற காய்க்குப் போடுவதில் பாதிதான். வெந்ததும் அளவு சுருங்கிவிடுகிறது என்பதை மறந்துதான் பல வீடுகளில் கீரை கரிக்கிறது. மீன் வறுவலுக்கு எலுமிச்சை, மிளகு, பூண்டு, மிளகாய்த்தூள் தடவி 20 நிமிடம் ஊற விட்டால் கால் கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு போதும்.

புளிப்பும் காரமும் வறுத்த வாசனையும் உப்பின் இடத்தைப் பிடிக்கும். அதனால் ரசம்தான் எளிதாக இறங்கும், சாம்பார் அடுத்து, பருப்புத் துவையலும் பொங்கலும் கடைசி. வடலூர் வள்ளலார் அன்றாட உணவுக்குச் சொன்ன முறையிலும் புளி, மிளகாய், உப்பு குறைவாகவும் மிளகு, சீரகம் கூடுதலாகவும் இருக்கும். பெரியவர்களிடம் டாக்டர் சொன்னதைவிட இது சில வீடுகளில் எடுபடுகிறது. மிளகையும் சீரகத்தையும் அன்றன்றைக்கு வறுத்துப் பொடித்தால்தான் பலன். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த பொடியில் வாசனை இருக்காது.

இந்துப்பும் குறைந்த சோடியம் உப்பும்

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினாலும் பிரஷருக்கு அதே உப்பு. பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்படாதது. உப்பளத்திலிருந்து நேராக வாங்கும் கல் உப்பிலும் அயோடின் இருக்காது. உப்பின் அளவு குறையும்போது அயோடினும் குறைகிறது என்பதால், போடும் கொஞ்ச உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

குறைந்த சோடியம் உப்பு வேறு வகை. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சீனாவில் 600 கிராமங்களில் பக்கவாதம் வந்தவர்கள், பிரஷர் உள்ள அறுபது தாண்டியவர்கள் என சுமார் 21,000 பேரை வைத்து நடந்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல பலன்தான். ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்தப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்கள் கிரியாட்டினின், பொட்டாசியம் பரிசோதனை பார்த்து டாக்டர் சரி என்ற பிறகே வாங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர், வாழைப்பழம், பண்ருட்டிப் பலாப்பழம் எல்லாவற்றையும் இதே காரணத்துக்காகக் கேட்டுச் சாப்பிட வேண்டியிருக்கும்.

கடையிலிருந்து வருவது

பொட்டலத்தின் பின்னால் சோடியம் என்று மி.கி.யில் போட்டிருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் உப்பு கிராமில் கிடைக்கும்: 800 மி.கி. சோடியம் 2 கிராம் உப்பு. 100 கிராமுக்கு 600 மி.கி.க்கு மேல் இருந்தால் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறும் அளவுக்கா என்று பார்க்கத் தவறாதீர்கள். இனிப்பு பிஸ்கட்டிலும் ரஸ்க்கிலும் உப்பு உண்டு. புதுச்சேரி பேக்கரி ரொட்டி உப்பாகத் தெரியாது, ஆனால் ரொட்டி மாவில் எடைக்கு 2 சதவீதம் வரை உப்புச் சேர்ப்பது பேக்கரித் தொழிலின் வழக்கம். காலையில் ரொட்டி சாப்பிடும் வீடு என்றால் 3 கிராம் ஒதுக்கீட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி முந்திரியை உப்புப் போடாததாக வாங்கி வறுத்துக்கொள்ளலாம்.

மருந்து டப்பாவையும் பாருங்கள். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வயிற்றுப் பொடிகளில் ஒரு பொட்டலத்துக்கு 800 மி.கி. அளவில் சோடியம் வரும். மூட்டுவலிக்குத் தாமாக வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகள் உடம்பில் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும். சமையலில் எவ்வளவு குறைத்தும் பிரஷர் இறங்காத வீடுகளில் இந்த மாத்திரைகளைத்தான் முதலில் தேட வேண்டும்.

சறுக்கும் இடங்கள்

குழம்பு கரித்துவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சும் என்பார்கள். கிழங்கு குழம்பை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உப்பு எங்கும் போகவில்லை. உப்பில்லாத புளிக்கரைசலும் வெந்த காயும் சேர்த்துப் பெருக்கி, பாதியை மறுநாளைக்கு எடுத்து வைப்பதே வழி.

சாப்பாட்டின் அளவு குறைந்தால் உடனே கவனியுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஒரு மாதத்தில் இரண்டு கிலோ இறங்கினால் உப்புக் குறைப்பை அங்கேயே நிறுத்தி, காரணம் என்னவென்று பார்க்க வேண்டும். எண்பது தாண்டி ஒல்லியாக இருப்பவருக்கு வயிறார ஒரு வேளை சாப்பாடு 2 கிராம் உப்பைவிட முக்கியம்.

கல்யாணம், கோயில் அன்னதானம், ஓட்டல் சாப்பாடு வரும் நாளில் மற்ற இரண்டு வேளையை உப்புக் குறைந்ததாக மாற்றுங்கள்: கஞ்சி, பழம், உப்பில்லாத மோர். விருந்தில் சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை, ஊறுகாய், அப்பளம், வற்றலைத் தொடாமல் இருந்தாலே பெரிய பங்கு போய்விடும்.

பிரஷரும் மாத்திரையும்

தொடங்கும் முன்னும், பிறகு வாரம் இரண்டு நாளும் பிரஷர் பாருங்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு உயரத்தில் தாங்கியிருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். காபி குடித்த அரை மணிக்குள் பார்த்தால் எண் பொய் சொல்லும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் பார்த்துக்கொள்ளலாம். பிரஷர் உள்ளவருக்கு 4, 5 கிராம் உப்பு குறைந்தால் மேல் எண் சராசரியாக 5 அளவுக்கு இறங்கும். சிலருக்கு இன்னும் அதிகம். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றால் நின்று ஒரு நிமிடம் கழித்தும் ஒரு அளவு எடுத்து, எழுதிய நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அளவை அவர் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் வெயிலில் வேலை செய்து வியர்த்துக்கொட்டும் பெரியவருக்கு அந்த மாதம் மேலும் ஒரு படி இறக்க வேண்டாம், இருக்கும் அளவிலேயே நில்லுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் சொன்ன அளவுதான். வாந்தி பேதி வந்தால் உப்புக்குப் பயந்து ஓஆர்எஸ் கரைசலைத் தள்ளிவைக்கக் கூடாது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஆளை டாக்டரிடம் காட்டுங்கள். பேதி நின்று சாப்பாடு இறங்கத் தொடங்கியதும் விட்ட வாரத்தின் பாட்டிலிலிருந்து மறுபடி தொடரலாம்.